முதல் ஆளுக்கு வந்த நீர்க்கடுப்பு

அடுத்தவன் ஒண்ணுக்குப் போவதைப் பார்த்து வயிறெரிந்தவன் இந்தக் கொல்லிமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். விடிந்ததும் ஆளாளுக்கு வேலியோரம் ஒதுங்குவார்கள். ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருப்பேன். ஒரு சொட்டு வரும், நிற்கும், மறுபடி ஒரு சொட்டு. அரைத்த மிளகாயை உள்ளே தடவியதுபோல எரியும். இடுப்பின் இடப்பக்கம் கிளம்பும் வலி தொடையிடுக்கு வழியாக இறங்கி விதைவரைக்கும் சுண்டி இழுக்கும். கண்ணில் நின்ற தண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவேன்.

அதிலும் என் சகலை ஒதுங்கப் போவதைப் பார்த்தால்தான் எனக்கு ஆகவே ஆகாது. பாடிக்கொண்டே போவான். அங்கே உட்கார்ந்தும் பாடுவான், அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. ஒண்ணுக்குப் போவதில்கூட இவனுக்கு என்ன இவ்வளவு கொண்டாட்டம் என்று பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். மலையில் ஊர்ப்பகுதியை நாடு என்போம்; எங்கள் திண்ணனூர் நாட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சாமைக்காடுதான். அக்கா தங்கை இருவருக்கும் பெற்றவர்கள் இல்லை, கூடப் பிறந்த ஆண் துணையும் இல்லை. ஒருத்திக்கு ஒருத்திதான். ஒரு வீட்டில் வெந்தது இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருக்காது. அதனால் அவனைப் பற்றிய பேச்சும் நாள் தவறாமல் என் வீட்டுக்கு வந்துவிடும். அவன் ஒற்றை ஆளாகப் பாறையைப் புரட்டினானாம். அவன் போட்ட மிளகுக்கொடி முதல் வருஷமே காய்த்ததாம். என் மனைவி இதையெல்லாம் சூதுவாது இல்லாமல்தான் சொல்வாள். எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் என்னை நிஜமாகவே வாட்டியது வேறொன்று. சுமை வரிசையில் அவன்தான் முதல் ஆள்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் மலைக்கு ரோடு ஏது? மிளகு, சாமை, பலாப்பழம் எல்லாம் தலைச்சுமையாகத்தான் சேந்தமங்கலம் போய்ச் சேரும். சோளக்காட்டில் கூடிப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக இறங்குவோம். ஒற்றையடித் தடம். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒருவன் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் சுமையோடு நிற்க வேண்டியதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். நடுவழியில் சுமையை இறக்கியவன் ஓரமாக ஒதுங்கி, எல்லோரும் கடந்த பிறகு கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். முள் குத்தினாலும் அதுதான், ஒண்ணுக்கு முட்டினாலும் அதுதான். அடிவாரத்தில் எவன் முன்னால் போய் நிற்கிறானோ அவனே அடுத்த நடைக்கும் முதல் ஆள்.

முதல் ஆள் என்றால் சாமானியம் இல்லை. திருப்பங்களில் குரல் கொடுப்பவன் அவன். எதிரே ஏறி வருகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டுப் பாறையோடு ஒட்டி நின்று வழிவிடுவார்கள். சேந்தமங்கலத்து மண்டிக்காரர் முதல் செம்பு மோரை அவன் கையில்தான் கொடுப்பார். ஊர் திரும்பியதும் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு முன்னால போனது ஆருங்க?" என்பதுதான். இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில். அதைச் சொல்லிச் சொல்லி என் நாக்கே கசந்துபோயிருந்தது.

நான் அவனுக்கு அடுத்த ஆள். அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே மலை இறங்குவேன். எங்கேயாவது இறக்குவானா, இறக்குவானா என்றுதான் என் நினைப்பெல்லாம். அவன் இறக்கும் வரைக்கும் நான் இறக்கக் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். நடைக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். காலையில் வாய் கொப்பளிப்பதோடு சரி. வழியில் ஊற்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தாகம் தெரியாது. அதையும் மீறி முட்டினால் கோவணத்தை இறுக்கிக்கொண்டு நடப்பேன். சுமை இறங்கி, எடை போட்டு, திரும்பவும் உப்பும் சீமெண்ணெயும் சுமந்து மலையேறி வீடு வந்து சேரும் வரைக்கும் ஒண்ணுக்குப் போவது ஒரு தடவையோ, அதுவும் இல்லையோ. இந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு கர்வம் வேறு.

இரண்டாம் வருஷம்தான் அந்த எரிச்சல் தொடங்கியது.

முதலில் சூடு என்றார்கள். தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தார்கள். நெருஞ்சிமுள் கசாயம் போட்டுக் கொடுத்தார்கள். நீர்க்கடுப்புக்குக் கைகண்ட மருந்து என்று என் மனைவி கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டாள். சகலை கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று நான் அதன்மேல் சேற்றை அப்பிக்கொண்டு திரிந்தேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. மாதம் ஒன்றானதும் என் மனைவியின் பார்வையே மாறிவிட்டது.

"ஏனுங்க, சேந்தமங்கலத்துல எவ ஊட்டுக்குப் போனீங்க?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்ன பேச்சுப் பேசற நீ?"

"இது பொம்பளைச் சீக்குன்னுதான் பேசிக்கறாங்க. எந் தங்கச்சி ஊட்டுக்காரரும் உங்களாட்டமே மாசம் நாலு நடை போய்ட்டு வாராரு. அவருக்கு வந்துச்சா இது?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கொன்றது. செம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவள் சாமைக்காட்டைத் தாண்டித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. அங்கே அவன் வட்டிலுக்குப் பக்கத்தில் என் மனைவியும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நினைக்க நினைக்க, கீழே இருந்த எரிச்சல் மேலேயும் ஏறிக்கொண்டது.

அடுத்த நடையில், மிளகை இறக்கிய கையோடு, யாருக்கும் சொல்லாமல் சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி போட்ட வயசான டாக்டர். எடுத்த எடுப்பில், "வெளியில பொம்பளை சகவாசம் உண்டா?" என்று கேட்டார். சத்தியம் செய்தேன். நம்பினாரோ இல்லையோ, படுக்க வைத்து எல்லாம் பார்த்தார். தொடையிடுக்கை அழுத்தி இருமச் சொன்னார். "குடல் எறங்கல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். விலாவுக்குக் கீழே தட்டியபோது நான் கத்திய கத்தலில் வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து அதில் பிடித்து வரச் சொன்னார். அரைவிரல் உயரம்தான் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருப்பட்டிக் காப்பி நிறம்.

"நேத்துப் பொழுது சாய்ஞ்சதுல இருந்து நீ தின்னது, குடிச்சது, போனது எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லு" என்றார்.

சொன்னேன். தண்ணீர் குடித்தது எப்போது என்று நடுவில் நிறுத்திக் கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றேன். ஒண்ணுக்குப் போனது எப்போது என்றார். கோழி கூப்பிடும்போது என்றேன். அப்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"ஏன்யா, வழியில தண்ணியே கெடையாதா?"

"ஊத்து இருக்குதுங்க சாமி."

"அப்பறம் ஏன் குடிக்கல?"

வேறு வழியில்லாமல் வரிசைக் கட்டுப்பாட்டைச் சொன்னேன். முதல் ஆளைச் சொன்னேன். சகலையை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"முன்னால போறதுக்காவா மூத்திரத்தை அடக்கற? தெனமும் உப்புத் தண்ணி காய்ச்சற சட்டியப் பாத்திருக்கியா? அடியில படியுமில்ல? அதேதான் உள்ள படியுது. படிஞ்சு படிஞ்சு கல்லாவுது. அடக்கி வெச்சதுல அழுகலும் சேந்துக்கிச்சு. உனக்கு நோவு குடுத்தது எந்தப் பொம்பளையும் இல்ல. அந்த வரிசைதான்."

மருந்துத் தண்ணீர் ஒரு புட்டி கொடுத்தார். "இது பாதிதான். மீதி மருந்து உங்க ஊத்துல இருக்குது. செம்பு செம்பாக் குடி. முட்டுனா எறக்கி வெச்சுட்டுப் போ." நான் வாசற்படி தாண்டும்போது மறுபடி கூப்பிட்டார். "கூட வர்றவங்ககிட்டயும் சொல்லு. உன்னாட்டம் இன்னொருத்தன் அந்த வரிசையில இருப்பான்."

சரிங்க என்று தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னபடியே செய்தேன். நடைக்கு நடை இறக்கினேன், கடைசி ஆளாக நடந்தேன், கேலி பேசியவர்களைக் காதில் வாங்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலை உயிரே போவதுபோல வலித்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கல் விழுந்தது. அதோடு வலி விட்டது. அந்தக் கல்லைக் கழுவி ஆமணக்கு இலையில் வைத்துக் கொண்டுபோய் என் மனைவியிடம் நீட்டினேன்.

"இந்தா, நீ சொன்ன பொம்பளை இவதான். நல்லாப் பாத்துக்க."

அவள் சிரித்தாள், அழுதாள், என் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள். டாக்டர் மருந்தில் கல் விழுந்தது என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். ஏன் இப்படிக் குடம் குடமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மருந்துச் சூடு என்றேன். வரிசையையும் அடக்கியதையும் சொன்னால் ஏன் அடக்கினேன் என்றும் சொல்ல வேண்டி வருமே. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நோவு போனபின் நடையில் என் காலுக்கு வேகம் வந்தது. இறக்கினாலும், ஓட்டமாக ஓடிச் சீக்கிரமே முன்னால் இருப்பவர்களைத் தொட்டுவிடுவேன். மற்றவர்கள் எங்கெங்கோ இறக்க இறக்க, ஒரு நடையில் மறுபடி சகலைக்கு அடுத்த ஆளாகிவிட்டேன். அன்றைக்கு இறக்கத்தில் குனிந்து அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரலில் சேறு அப்பியிருந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. பாறையில் இடறி அந்தச் சேறு உதிர்ந்தபோது, உள்ளே நகம் வெள்ளையாக இருந்தது.

சுண்ணாம்பு.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வேலியோரம் அவன் அப்படி உரக்கப் பாடியது எதற்கென்று புரிந்தது. உள்ளே இருந்து வந்த முனகல் வெளியே கேட்காமலிருக்கத்தான் பாட்டு. அவனும் தண்ணீரை நிறுத்தியவன்தான். பின்னால் வருகிற என்னிடம் முதல் இடத்தை விட்டுவிடக் கூடாதென்று அடக்கி அடக்கி நடந்தவன்தான்.

அந்த இடத்திலேயே, "சகலை, எறக்கு. தண்ணியக் குடி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். டாக்டரும் அதைத்தான் சொல்லச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டு நடை கழித்து ஒரு திருப்பத்தில் அவன் நின்றான். சுமையைப் பாறைமேல் சாய்த்து இறக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "நீ போ சகலை" என்றான். நான் போனேன். அடுத்த திருப்பத்தில் முதல்முறையாக என் குரல் கிளம்பியது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். மண்டியில் முதல் செம்பு மோர் என் கைக்கு வந்தது. அன்றைக்குக் குடித்த மோரைப்போல ருசியாக இன்றுவரை எதையும் நான் குடித்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் நான்.

மறுநாள் கொழுந்தியாள், அவன் மனைவி, சாமைக்காட்டைத் தாண்டி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மாமா, அக்கா சொல்லிச்சுங்க, உங்களுக்குக் கல்லு விழுந்துச்சாம். எங்க ஊட்டுக்காரருக்கும் அதேதானுங்க போல. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாரு. நேத்து ரெத்தமாப் போனாருங்க. அந்த டாக்டரு உங்களுக்கு என்னங்க குடுத்தாரு?"

என் வீட்டுப் பரணில் அந்தப் புட்டி இருந்தது. அடியில் நாலு விரல் மருந்து மிச்சம். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதாங் கண்ணு. இதையக் குடிக்கச் சொல்லு."

"வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்களா?"

"வேற ஒண்ணும் இல்ல கண்ணு."

அவள் புட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். பாதி மருந்தைக் கொடுத்துப் பாதியை ஒளித்துக்கொண்ட கையை அவள் கும்பிட்டாள்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை அவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவனுக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. போய்ப் பார்த்தேன். அடிவயிறு பானைபோலப் புடைத்து நின்றது. அவனுக்குப் பாட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. என்னைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான். செத்துவிடுவானோ என்று முதல்முறையாகத் தோன்றியது. கம்பில் போர்வையைத் தூளி கட்டி, அவனைப் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் மலையிறக்கினோம். நான் என் தோளை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. அக்காவும் தங்கையும் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடி வந்தார்கள்.

அதே டாக்டர். ரப்பர் குழாய் ஒன்றை விட்டு அடைப்பைத் தள்ளினார். ரத்தமும் சீழுமாக ஒரு சட்டி நிறைய இறங்கியது. அவனுக்கு மூச்சு வந்தது. "உள்ள பெரிய கல்லு இருக்குது. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கீறி எடுக்கணும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆளு போயிருப்பான்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ அன்னைக்கு வந்தவன்தானே? அதே வரிசைக்காரன் தானே இவனும்?"

"ஆமாங்க" என்றேன்.

"சொல்லச் சொன்னேனே. தண்ணியக் குடி, அடக்காதேன்னு இவன்கிட்ட சொன்னியா, இல்லியா?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தியாளின் கண்ணில் அந்தப் புட்டியைப் பற்றிய கணக்கு ஓடத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது.

கட்டிலிலிருந்து அவன் குரல் வந்தது.

"சொன்னாருங்க சாமி. நாலஞ்சு தடவ சொன்னாருங்க. நாந்தான் கேக்கல."

டாக்டர் அவனைத் திட்டத் தொடங்கினார். அவன் மனைவியும் சேர்ந்து திட்டினாள். "மாமா சொல்லியுமா கேக்கல நீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

சேலத்தில் கீறிக் கோழிமுட்டையில் பாதி அளவு கல்லை எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தான். சுமை தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் நான் வரிசைக்காரர்கள் எல்லோரையும் சோளக்காட்டில் உட்கார வைத்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி, அந்தக் கட்டுப்பாட்டை உடைத்திருந்தேன். ஊற்றில் எல்லோரும் இறக்குவோம், எல்லோரும் குடிப்போம். முதல் ஆள், கடைசி ஆள் என்ற பேச்சே இல்லாமல் போனது.

அவன் ஊர் வந்த மறுநாள் போனேன். அவன் மனைவி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அவன் மனைவியிடம் நான் சொல்லாமல் மறைத்த பாதி மருந்தைப் பற்றியும் அவன் நகத்தைப் பார்த்ததைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்" என்றான். "டாக்டரு கேட்டப்ப உம் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்பறம் எனக்காவ ஏன் பொய் சொன்ன?"

அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கீறிய இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "உனக்காவவா? நீ என்ன பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டியா? அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாங்க. நெசத்தச் சொன்னா எம் பொண்டாட்டி இனி அவ அக்கா ஊட்டு வாசல மிதிப்பாளா? இந்த மலையில அவளுக்கு வேற ஆரு இருக்கா? நீ என்னைய விட்டுட்டுப் போனது எனக்கும் உனக்கும் நடுவுல. அவங்களுக்குள்ள கொண்டாந்து போட்டுறாத. அவங்க உசுரு இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காத."

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த மண்டைக்குள், மூத்திரம் அடைத்து உயிர் போய்த் திரும்பிய நேரத்தில், இதெல்லாம் எப்படி ஓடியது? எனக்கு ஓடவில்லையே. நோவில்லாமல் நின்ற எனக்கு ஓடவில்லையே. அவன் முதல் ஆளாக நடந்தபோதுகூட அவனைப் பார்த்து நான் அப்படி வயிறெரிந்ததில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சாமைச் சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு எப்படீங்க இருக்குது? என்ன பேசிக்கிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று இருந்தது. கொட்டினால் எனக்குப் பாரம் குறையும், அவளுக்குத் தங்கை போய்விடுவாள். சொல்லிப் பாரத்தை இறக்குகிற அந்த வழியையும் அவன் அடைத்துவிட்டிருந்தான். "நல்லாத்தான் இருக்கறாப்ல. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாமைக்காட்டு வழியாகத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

அக்கா தங்கை இருவரும் கடைசி வரைக்கும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் தங்கை போனாள். போன வருஷம் என் மனைவியும் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.